மேசையைத் தட்டும் கல்லூரி

1

என் மகள் படிக்கும் கல்லூரியில் யாராவது நன்றாகப் பேசினால் கை தட்டமாட்டார்கள். மடக்கிய விரல்களால் மேசையைத் தட்டுவார்கள். ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போன வருடம் அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று தெரியாது. வரவேற்புக் கூட்டத்தில் ஒரு வயதான பேராசிரியர் பேசி முடித்ததும் மண்டபம் முழுக்க மேசைகள் அதிரத் தொடங்கின. இவர் என் கையைப் பிடித்துவிட்டார். மன்னாரில் நாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில் மேசையைத் தட்டினால், போதும் வெளியே போங்கோ என்று ஆசிரியருக்குச் சொல்வதாக அர்த்தம். "பாவம் மனுசன், நல்லாத்தானே கதைச்சவர்" என்று இவர் என் காதுக்குள் சொன்னார்.

இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. கட்டின நாளில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. எங்களுக்கு எசன் நகரத்தில் வீடு. இவருக்குப் பொதிகள் பிரிக்கிற களஞ்சியத்தில் வேலை. நான் ஒரு பேக்கரியில் முன்மேசையில் நின்று பாண் விற்கிறேன். நாள் முழுக்க வாய் ஓயாது. வணக்கம், வேறு ஏதாவது வேணுமோ, நன்றி, நல்ல நாளாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது எனக்கே என் குரல் சலித்திருக்கும். இவரோ வேலையிலும் பேசமாட்டார், வீட்டிலும் பேசமாட்டார். எங்கள் ஒரே பிள்ளை ஜெனிற்றா தகப்பனைக் கொண்டு பிறந்தவள்.

ஜெர்மனியில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கோயில் பங்கு மலருக்கு எழுதித் தரும்படி ஊரில் இருக்கும் தங்கை கனநாளாகக் கேட்கிறாள். போன சனிக்கிழமை அந்தக் கல்லூரிக்கு மறுபடி போய் வந்தோம். அதனால்தான் இப்போது உட்கார்ந்தேன். எல்லாப் பிள்ளைகளையும் பற்றி எழுத எனக்கு ஏலாது, ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன்.

2

முதலில் அவள் என்ன படிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய பாடு.

கனடாவில் இருக்கும் சித்தி போன் எடுத்தாள். "பிள்ளை என்ன, டொக்டருக்கோ?" இல்லை என்றேன். "அப்ப எஞ்சினியருக்கோ?" அதுவும் இல்லை. காலையில் தத்துவம், மத்தியானம் புள்ளிவிபரம், அடுத்த நாள் இசையும் காலநிலையும், நடுவில் அரபு மொழியும் படிக்கிறாள் என்று விளக்கினேன். சித்தி, மாக்ஸ் போதாமல் போச்சோ என்று மெல்லக் கேட்டாள்.

சித்தியைக் குறை சொல்லி என்ன. எங்கள் காலத்தில் உயர்தர வகுப்பில் கலைப்பிரிவுக்குப் போனால் வீட்டில் ஒரு பெருமூச்சு கேட்கும். நான் அந்தப் பெருமூச்சைக் கேட்டுத்தான் தமிழும் வரலாறும் கிறிஸ்தவ நாகரிகமும் எடுத்தேன். சோதனை எழுதுவதற்குள் போரால் இடம்பெயர்வு வந்தது, படிப்பு அத்தோடு சரி. ஆனால் ஜெனிக்கு மாக்ஸ் இருந்தது, மருத்துவத்துக்கே கேட்டிருக்கலாம். அவள்தான் ஒரு சின்ன ஊரில், பழைய பியர் ஆலைக் கட்டடத்தில் நடக்கிற இந்தக் கல்லூரியைத் தேடிப் பிடித்தாள். மாணவர் எல்லாரும் ஒரே சாப்பாட்டு மண்டபத்துக்குள் அடங்கிவிடுவார்கள், அவ்வளவு சின்னது.

பிள்ளைகளுக்கான உதவிப்பணம் கொடுக்கிற அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தார். அவருடைய கணினியில், "எல்லாம் படிக்கிறார்" என்று பதிய இடமில்லையாம். படிப்பின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பதிந்துவிட்டு, இதைப் படித்து மகள் என்னவாக வருவார் என்று கேட்டார். அது படிவத்தில் உள்ள கேள்வியா என்று கேட்டேன். இல்லை, சும்மா அறியத்தான் என்றார். ஜெர்மன்காரருக்குள்ளும் எங்கள் சித்தி இருக்கிறாள் என்று அன்றைக்கு விளங்கியது.

இவருக்கு விருப்பமே இல்லை. ஆனால் சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர். ஒரு வருடம் பார்ப்போம், சரிவராவிட்டால் எசனுக்கு வந்து ஒரு தொழிற்பயிற்சி எடுக்க வேண்டும் என்றார். ஜெனி தலையாட்டினாள். எங்கள் வீட்டில் ஒப்பந்தங்கள் எல்லாம் தலையாட்டலில்தான் நடக்கும்.

3

இங்கே பள்ளிக்கூடங்களில் பெற்றோர் சந்திப்பு நாள் என்று ஒன்று வைப்பார்கள். ஒவ்வொரு ஆசிரியரோடும் பத்து நிமிடம் பேச நேரம் குறித்துத் தருவார்கள், டெர்மின் என்பார்கள். நாங்கள் கோயிலுக்குப் போவதுபோல வெளிக்கிட்டுப் போவோம். வருடா வருடம் ஆசிரியர்கள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஜெனிற்றா மிகவும் அமைதியான பிள்ளை.

எங்களுக்குக் கால் நிலத்தில் நிற்காது. திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மற்றத் தமிழ்த் தாய்மாரோடு நிற்கும்போது அதை மெல்ல அவிழ்த்துவிடுவேன். அவர்களும் விடமாட்டார்கள். உங்கட பிள்ளை மட்டுமோ, என்ர பெடியனைப் பற்றியும் ரீச்சர் அப்பிடித்தான் சொன்னவ, வகுப்பில இருக்கிறதே தெரியாதாம் என்பார்கள். எங்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது.

ஒரு ஆசிரியை மட்டும், மிகவும் அமைதி என்பதைக் கவலையான முகத்தோடு சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. அவருடைய முகமே அப்படி என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வகுப்பில் கைதூக்கிப் பேசுவதற்குத் தனியாகப் புள்ளி உண்டு. அந்தப் புள்ளி அவளுக்கு எப்போதும் குறைவாகத்தான் வந்தது. எழுத்தில் வந்த புள்ளிகள் அதைத் தூக்கி நிமிர்த்திவிடும். அவர்கள் எங்களிடம் முறையிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம், ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை. பூசை முடிந்து நின்ற அத்தனை தாய்மாரும் அப்படித்தான்.

வேறு எப்படி எடுத்திருப்போம்? கன்னியாஸ்திரிகள் நடத்திய என் பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளைக்கு அடையாளம் உதட்டின் மேல் வைத்த விரல். அது பள்ளிக்கூடத்து அமைதி. மன்னார்ப் பாலத்துச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நடக்கும்போது அம்மா பழக்கிய அமைதி வேறு. கேட்டால் மட்டும் பதில், கேட்டதுக்கு மட்டும் பதில், சொல்லிவிட்டுத் தலையைக் குனி. இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணையில் உட்கார்ந்தபோதும் அதையேதான் செய்தேன். கூடவே நன்றி என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். எங்களைக் காப்பாற்றியது அந்த அமைதிதான். கையில் இருந்த நல்ல சாமானைத்தானே பிள்ளைக்கும் கொடுப்போம்.

4

மாசி மாதம் ஒரு மத்தியானம், நான் வேலை முடிந்து ட்ராமுக்கு நிற்கும்போது ஜெனி போன் எடுத்தாள். "அம்மா, நான் விட்டிட்டு வாறன்" என்றாள்.

ட்ராம் வந்தது. நான் ஏறவில்லை.

விஷயம் இதுதான். அங்கே விரிவுரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாசித்துக்கொண்டு வந்ததைப் பற்றி வாதம் செய்வார்கள். அதுதான் வகுப்பு. முதல் வருடத்துப் பிரதான பாடத்துக்குப் பொறுப்பான பேராசிரியை அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். உன்னுடைய கட்டுரைகள்தான் இந்த வகுப்பிலேயே திறம், ஆனால் நீ மேசையில் வாய் திறக்காமல் எழுத்தால் மட்டும் இந்தப் பாடத்தைத் தாண்ட முடியாது, தாண்டாவிட்டால் இரண்டாம் வருடம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கோபமாக இல்லையாம், அன்பாகத்தானாம். அதுதான் இவளுக்குத் தாங்க முடியவில்லை.

"சொல்லுறதுக்கு இருக்கம்மா. வாய்க்கு வரேக்குள்ள வேற ஆள் கதைச்சு முடிச்சிடும். பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க கதைக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லித்தந்தனீங்கள். இஞ்ச எல்லாரும் குறுக்கதான் கதைக்கினம். அவையள் முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தா, ஒருத்தரும் முடிக்கினம் இல்லை."

அந்தப் பேராசிரியையின் பெயர் உல்றிகே. மாணவர் எல்லாரும் உல்றிகே, நீ சொல்வது சரியில்லை என்று ஒருமையில்தான் பேசுவார்களாம். அவருடைய விருப்பமே அதுதானாம். ஜெனி அந்த வருடம் முழுக்க அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நிற்பாளாம். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு, இவரை நான் எப்படிக் கூப்பிடுகிறேன் என்று நினைவு வந்தது.

விடுதிக் கதையும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவர்கள் ஒரு குசினியைப் பங்கிட்டுச் சமைக்கிறார்கள். ஆளுக்கொரு நாள் சமையல், இவளுடைய பருப்புக்கு நல்ல பெயராம். சட்டி கழுவுவது யார் என்று கிழமைக்கு ஒருமுறை கூட்டம் வைத்து, மணிக்கணக்கில் விவாதம் செய்வார்களாம். அந்த விவாதத்தில் பேசுவதைவிடச் சட்டியைக் கழுவுவது சுலபம் என்று இவளே எல்லாவற்றையும் கழுவி வைத்துவிடுவாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த ட்ராமையும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "வரட்டும். பக்கத்தில இருந்து ஒரு ஆஸ்பில்டுங் செய்யட்டும்" என்றார். தொழிற்பயிற்சி என்பதற்கு இங்கே அந்தச் சொல்தான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அந்த நிம்மதியைக் காணப் பொறுக்கவில்லை. படிப்பு விட்ட இடம் எப்படி வலிக்கும் என்று இவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனி வரைக்கும் பொறு, பிறகு உன் விருப்பம் என்று ஜெனியிடம் கேட்டுக்கொண்டேன். அவள் போனிலேயே தலையாட்டியிருப்பாள்.

5

போன சனிக்கிழமை கல்லூரியில் பெற்றோர் நாள். இரண்டு ரயில் மாறிப் போனோம். இவர் கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டுப் போட்டிருந்தார். நான் ஒரு பெட்டி நிறையக் கட்லட் பொரித்து எடுத்துப் போனேன். இதில் மீன் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மீன்தான் இருக்கிறது என்றேன். பாதிப் பேர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள், மிச்சப் பாதி பெட்டியை முடித்துவிட்டது.

ஜெனி மெலிந்திருந்தாள். போனவுடனே என் காதில், பெட்டி அடுக்கியாச்சு, அடுத்த கிழமை வாறன் என்றாள். இவருக்கும் அது கேட்டது.

மத்தியானம் வகுப்பு. பெற்றோரும் அதே மேசையில் உட்கார வேண்டுமாம், எங்களுக்காக ஆங்கிலம் கலக்காமல் ஜெர்மனில் நடத்துவார்களாம். உல்றிகேவுக்கு என் வயது இருக்கும். வெட்டிவிட்ட நரைமுடி, ஓடுகிறவர்களுடைய சப்பாத்து. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்தவர் எவ்வளவு காலம் நன்றி சொல்ல வேண்டும்? அந்தக் கிழமை பிள்ளைகள் வாசித்ததே இதைப் பற்றித்தானாம்.

ஒரு பையனின் தகப்பன், வழக்கறிஞர், முதலில் பேசினார். ஒரு பக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி என்று அழகாகப் பேசி, எந்தப் பக்கமும் சேராமல் முடித்தார். ஒரு தாய் பேசினார். இரண்டு மாணவிகள் ஒருவரையொருவர் முடிக்க விடாமல் பேசினார்கள். ஜெனி மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு உல்றிகே இவரைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

இவர் எழும்பி நின்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேட்டால் அப்படித்தானே. மற்றவர்கள் எல்லாரும் கதிரைகளில் சாய்ந்துகொண்டு பேசிய மேசையில் என் மனிதர் மட்டும் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றார். களஞ்சியத்தில் பழகிய ஜெர்மனில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சாகும்வரை சொல்ல வேண்டும். எங்களுக்குப் போக இடம் இருக்கவில்லை, இந்த நாடு கதவைத் திறந்தது. கூரை தந்தது, வேலை தந்தது, பிள்ளைக்குப் படிப்பும் தந்தது. வீட்டுக்குள் எடுத்தவனிடம் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லக்கூடாது. நான் தினமும் நன்றி சொல்கிறேன். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தத் தாய் கண்ணைத் துடைத்தார். வழக்கறிஞர், எவ்வளவு அழகாகச் சொன்னார், இப்படியான மனிதர்களைத்தான் என்று தொடங்கினார்.

"இல்லை" என்று ஒரு குரல் கேட்டது.

ஜெனிதான். அவள் கை தூக்கவில்லை, வழக்கறிஞர் முடிக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. அவள் பேசியது ஜெர்மனில். என் காதுக்கு அது தமிழாகத்தான் விழுந்தது, விழுந்தபடியே எழுதுகிறேன்.

"என்ர அப்பா சொல்லுறது பிழை. வேலைக்குள்ள ஒருக்கா அப்பான்ர விரல் பொதி ஓடுற பட்டிக்குள்ள மாட்டி நசிஞ்சது. பட்டி நிண்டுபோச்சு எண்டு அண்டைக்கு அப்பாதான் மன்னிப்புக் கேட்டவர். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதுக்கு நன்றியும் சொன்னவர். முப்பது வருசமாச் சொல்லுறார். போதும் எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும் இப்ப சொல்லேல்லை, கேக்க நல்லா இருக்கெண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறீங்கள்."

உல்றிகே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உல்றிகே, நான் இன்னும் முடிக்கேல்லை" என்றாள் என் மகள். "முடியவே முடியாத நன்றி எண்டால் அது நன்றி இல்லை, பயம். எனக்குத் தெரியும், ஏனெண்டால் என்னட்டயும் அது இருக்கு. நான் இந்த நாட்டிலதான் பிறந்தனான். எண்டாலும் இந்த மேசையில ஒரு வருசமா வாய் திறக்காமல் இருந்தனான். இருக்க விட்டதே பெரிசு எண்டு இருந்தனான்."

அவ்வளவுதான். முகம் முழுக்க வியர்த்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம். அந்நியர் நடுவில், தகப்பன் நின்றுகொண்டிருக்க, பிழை என்று ஒரு பிள்ளை சொல்வதா? ஊரில் என்றால் என் கை சும்மா இருந்திராது. அந்தக் கோபத்தை முந்திக்கொண்டு இன்னொன்று வந்தது. பிறந்த நாளில் இருந்து என் பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

இவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒருவரும் இவரைப் பார்க்கத் துணியவில்லை. மெல்ல உட்கார்ந்தார். தன் வலது கையைப் பார்த்தார். நசிந்து வளைந்துபோன அந்த விரலையும் சேர்த்து மடக்கி, மேசையைத் தட்டினார். மெதுவாக, திரும்பத் திரும்ப. பிறகுதான் மற்றவர்கள் தொடங்கினார்கள்.

6

ஸ்டேஷனுக்கு ஜெனி எங்களோடு நடந்து வந்தாள். பிளாட்பாரத்தில் நின்றபோது அவள்தான் தகப்பனைப் பார்க்காமல், "கோவமோ அப்பா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நீங்கள்தானே முதல் தட்டினது."

"தட்டினது நீ கதைச்சதுக்கு" என்றார் இவர். "சொன்னதுக்கு இல்லை. சொன்னது பிழை."

அவள் திரும்பினாள். எது பிழை என்று கேட்டாள். இவர் சொன்னார். நன்றி வேறு, பயம் வேறு, இரண்டும் எனக்குள் இருக்கிறது, எது எது என்று எனக்குத் தெரியும், நீ இரண்டையும் ஒரு சட்டிக்குள் போட்டுவிட்டாய் என்றார். அப்படியென்றால் அந்த விரலுக்கு ஏன் மன்னிப்புக் கேட்டீங்கள் என்றாள் அவள். அது பயம்தான், ஆனால் கதவைத் திறந்ததுக்குச் சொல்வது அது இல்லை என்றார் இவர். கதவைத் திறப்பது அவர்களுடைய கடமை என்றாள். கடமையைச் செய்தவனுக்கும் நன்றி சொல்லலாம், அம்மா பாண் வாங்குகிறவனுக்கே சொல்கிறாள் என்றார். அவள் குறுக்கே பேசினாள். இவரும் குறுக்கே பேசினார்.

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. இஞ்சேருங்கோ என்று கூப்பிட வாயெடுத்து, விட்டுவிட்டேன். கதவுகள் மூடின, ரயில் போனது. இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுக்கி வைத்த பெட்டியைப் பற்றியும் யாரும் பேச்செடுக்கவில்லை. அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. வெறும் கட்லட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மிகவும் அமைதியான ஆள் அன்றைக்கு நான்தான்.